அறுபத்துநாலு புள்ளி அத்தான்

நன்றாக இருக்கிற போட்டோவைக் கெடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. பழைய காலத்து வீடியோ கேம் மாதிரியே புதிதாக ஒன்று செய்கிறோம். அதில் வரும் முகங்களுக்கு அகலத்தில் அறுபத்துநாலு புள்ளி, உயரத்தில் அறுபத்துநாலு. கறுப்பும் வெள்ளையும் தவிர வேறு நிறம் கிடையாது. சாம்பல் வேண்டிய இடத்தில் இரண்டையும் கலந்து தூவிவிட்டால், தள்ளி நின்று பார்க்கிற கண் தானே அதைச் சாம்பலாக்கிக்கொள்ளும். டிதரிங் என்பார்கள். கண்ணை ஏமாற்றுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

கேமில் ஒரு கடைக்காரர் முகம் தேவைப்பட்டது. அக்கா வீட்டுக்காரரை ஆபீசுக்குக் கூப்பிட்டேன். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். முன்பல் ஒன்று கோணல் என்பதால் கேமராவைக் கண்டாலே முகத்துக்குக் குறுக்கே கையை வைத்துக்கொள்வார். அக்காவின் போனில் நூறு அத்தான் இருந்தால் நூறும் உள்ளங்கைதான். கல்யாண ஆல்பத்தில் இருப்பதோ, வாயை இறுக்க மூடிக்கொண்ட யாரோ ஒரு பொடியன்.

"இது போட்டோ இல்ல அத்தான். வெறும் புள்ளியாத்தான் போகும். உங்க மூஞ்சி யாருக்கும் தெரியாது."

"அப்படின்னா எடு மச்சான்" என்று பல் தெரியச் சிரித்தார். ஒரே ஒரு தடவைதான் எடுத்தேன்.

படக் கோப்பின் பெயர் மாறினால் கேம் அதைக் கண்டுகொள்ளாது. அதனால் போட்டோக்களை வேறு இடத்தில் நகல் எடுத்து வைத்துவிட்டு, மொத்த ஃபோல்டரையும் புள்ளியாக்கி, அதே பெயரில் அதன் மேலேயே சேமிப்போம்; பழையது அழிந்துவிடும். அன்றைக்கு நகல் எடுக்க மறந்துபோனேன். கேமராவிலும் அழித்தாயிற்று. போனால் போகிறது, அத்தான் எங்கே ஓடிவிடப் போகிறார், இன்னொரு நாள் உட்கார வைத்தால் போச்சு என்று விட்டுவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து, ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அத்தான் எழுந்திருக்கவில்லை.

காரியங்கள் எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு அக்கா கேட்டாள். "உங்க ஆபீஸ்ல அவரு சிரிச்சாரே, அந்தப் போட்டோவைப் பெரிசா போட்டுக் குடுடா. எனக்கு வேற எதுவும் வேணாம்."

"சரிக்கா" என்றேன். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் ஒரு கோழை.

மூன்று வாரம் இன்று நாளை என்று மழுப்பினேன். கேமுக்கு நிரல் எழுதுகிற நண்பன், புள்ளிப் படத்தைத் திரும்ப முகமாக்கித் தரும் ஒரு மென்பொருளில் அதைப் போட்டான். அரை நிமிடத்தில் வழவழவென்று ஒரு மனிதர் வந்து சிரித்தார்.

"இதையே குடுத்துடு. அழுதுட்டு இருக்கிறவங்க உத்துப் பாக்கவா போறாங்க?" என்றான்.

வெட்கம் கெட்டுப்போய் அதை அச்சடித்தேன். மனசு கேட்காமல் புள்ளிப் படத்தையும் இரண்டடிக்கு அச்சடித்தேன். இரண்டையும் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

முதலில் வழவழப்பை நீட்டினேன். அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"பல்லு நேரா இருக்கே. யாருடா இந்த ஆளு?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நகல் எடுக்காததை, எட்டு மாதம் அலட்சியமாக இருந்ததை, இந்த ஆளைக் கொடுத்துத் தப்பிக்கப் பார்த்ததை. அக்கா அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"வேற ஒருத்தனை என் வீட்டுச் சுவத்துல மாட்டப் பாத்தியா?" என்றாள். பிறகு பையில் இருந்த சுருளைப் பார்த்து, "இன்னொண்ணைக் காட்டு."

விரித்துப் பிடித்தேன். ஒவ்வொரு புள்ளியும் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சதுரம். அக்கா கிட்டே வந்து விரலால் தடவினாள்.

"இதுல அவரு எங்கடா?"

"தள்ளி நின்னு பாருக்கா. இன்னும் கொஞ்சம். இன்னும்."

பின்னாலேயே போனாள். நாற்காலியில் இடித்துக்கொண்டாள், அதைத் தாண்டினாள். சமையலறை வாசலில் முதுகு பட்டதும் நின்றாள். அவள் முகம் கோணிக்கொண்டு வந்தது.

"சிரிக்கிறாரு" என்றாள். "அந்தப் பல்லு... அப்படியே இருக்குடா."

இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு என்னை நோக்கி வேகமாக வந்தாள். பாதி ஹாலில் சட்டென்று நின்றுவிட்டாள்.

"கிட்ட வந்தா போயிடறாரே!"

அவள் மெல்லப் பின்வாங்கி மறுபடி வாசல் நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"கையை இறக்காதே. அப்படியே பிடிச்சிட்டு இரு."

தோள்பட்டை கடுக்கக் கடுக்கப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் வெறும் புள்ளிகள்தான்.