ஒன்று என்றால் ஓடு

குயிலாப்பாளையத்தில் ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது செந்தமிழின் கம்பெனி. பம்ப் மோட்டாரைப் போனிலிருந்தே இயக்கும் கருவி செய்தார்கள். போனில் தட்டுகிற கட்டளையைக் கருவியில் ஒயர் மாட்டும் கம்பி முனையான 'பின்'னுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் 'டிரைவர்' என்கிற மென்பொருளைக் கலையரசன் எழுதினான். அந்த டிரைவருக்கு விளக்க ஆவணம் எழுதுவது செந்தமிழின் வேலை.

எல்லாப் பக்கங்களையும் முடித்துவிட்டு, ஒரே ஒரு பத்தியில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"பின்னுக்கு ஒண்ணுன்னு எழுதினா என்னா அர்த்தம்? கரண்ட் ஏறுதுன்னா, மோட்டார் ஓடுதுன்னா?"

"ரெண்டும் ஒண்ணுதானே செந்தமிழு. புரோகிராமைப் பாத்தாலே தெரியுது. இதுக்குப் போயி ஒரு பக்கமா?" என்று சிரித்தான் கலையரசன்.

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. மரக்காணத்தில் சாமுண்டீஸ்வரியின் உப்பளத்தில் முதல் கருவியை மாட்டப் போன அன்று, படம் எடுக்கிற சாக்கில் அவளும் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

உப்பளத்துக்காரி சாமுண்டீஸ்வரி புதுப் புடவையோடு வரப்பில் காத்திருந்தாள். எலக்ட்ரீஷியன் தட்சணாமூர்த்தி கால்வாயோரத்து பம்ப் ஷெட்டில் ஒயரை முடுக்கினார். கலையரசன் வேப்பமரத்தடியில் லேப்டாப்பைத் திறந்தான். சாமுண்டீஸ்வரி பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுப் போனில் ஆன் பட்டனைத் தட்டினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. ஆஃப் பட்டனைத் தட்டினாள். மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பி, பாத்திக்குள் உப்புத் தண்ணீரைக் கொட்டியது.

"ஏம்பா, இது என்னா என் வூட்டுக்காரர் மாதிரி, சொன்னதுக்கு நேர்மாறா செய்யுது?"

பாத்தியில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கலையரசனின் காது சிவந்தது. மளமளவென்று டிரைவரில் ஒன்றைச் சுழியமாக மாற்றினான். "இப்ப தட்டுங்கக்கா."

மறுபடியும் அதே கதை. ஆன் போட்டால் நின்றது, ஆஃப் போட்டால் ஓடியது.

கலையரசன் தலையைப் பிடித்துக்கொண்டு, மாற்றியதைத் திருப்பி மாற்றினான். அப்போதும் தலைகீழ்தான். சாமுண்டீஸ்வரிக்குச் சிரிப்பு குறைந்து கோபம் எட்டிப் பார்த்தது.

செந்தமிழ் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பம்ப் ஷெட்டுக்கு ஓடினாள். தட்சணாமூர்த்தியின் கையில் ஸ்க்ரூ டிரைவர்.

"அண்ணே, நீங்க எதுனா மாத்துனீங்களா?"

"ஆமாம்மா. தலைகீழா ஓடுதேன்னு மோட்டாரைப் போட்டு நிறுத்துற ரிலே சுவிட்ச்சுல ஒயரை அடுத்த ஓட்டைக்கு மாத்துனேன். அப்பவும் சரியாவல, திருப்பி மாத்திட்டேன்."

செந்தமிழுக்குச் சிரிப்பு பொங்கியது. அங்கிருந்தே கத்தினாள். "கலை! நீயும் திருப்புற, அண்ணனும் திருப்புறாரு, பழையபடியே ஆயிடுது. ரெண்டு பேரும் கையை எடுங்க!"

மூவரும் மரத்தடியில் கூடினார்கள். புதிதாக வாங்கிய ரிலே, பின்னில் மின்னழுத்தம் இறங்கினால்தான் விழித்துக்கொள்ளும் என்று தட்சணாமூர்த்தி சொன்னார். முன்னால் சோதித்துப் பார்த்த பழைய ரிலே, ஏறினால் விழிக்கிற ஜாதி.

"அப்ப ஒண்ணுன்னா கரண்ட் ஏறுதுன்னு அர்த்தம் இல்ல," என்றாள் செந்தமிழ். "ஒண்ணுன்னா ஓடு, அவ்ளோதான். ஓடுறதுக்கு ஏறணுமா இறங்கணுமான்னு ஒரே ஒரு எடத்துல சொல்லுவோம். ஒயர்லயும் வேணாம், டிரைவர்லயும் வேணாம்."

கலையரசன், கருவியின் சர்க்யூட் போர்டில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் கோப்பைத் திறந்து, மோட்டார் பின்னுக்கு எதிரே 'இறங்கினால் இயக்கம்' என்று பொருள்படும் ஒரு சொல்லைச் சேர்த்தான். டிரைவரைத் தொடவே இல்லை.

சாமுண்டீஸ்வரி இந்த முறை பிள்ளையாரைக் கும்பிடாமலே ஆன் பட்டனைத் தட்டினாள். மோட்டார் ஓடியது. ஆஃப் என்றாள், நின்றது. குஷியில் நாலைந்து தடவை தட்டிப் பார்த்து, "அடங்கிடுச்சுடி!" என்று பாத்திக்காரப் பெண்களுக்குக் கூவினாள்.

திரும்பும் வழியில் கூனிமேட்டில் பிரியாணிக்கு நிறுத்தினார்கள். இலை வருவதற்குள் செந்தமிழ் அந்தப் பத்தியை எழுதி முடித்து, லேப்டாப்பை அவன் பக்கம் தள்ளினாள். கலையரசன் வாய்விட்டே படித்தான்.

"டிரைவரில் ஒன்று என்றால் இயங்கு, சுழியம் என்றால் நில். மின்னழுத்தம் ஏறுவதும் இறங்குவதும் போர்டு கோப்பின் பொறுப்பு. தலைகீழாக ஓடினால் அங்கே மட்டும் திருத்தவும்."

"கீழ ஒரு வரி சேத்துக்கவா?" என்று கேட்டான்.

"என்னா?"

அவனே தட்டினான்: "திருத்துவதற்கு முன், பக்கத்தில் வேறு யாரும் திருத்துகிறார்களா என்று கேட்கவும்."

செந்தமிழ் அந்த வரியை அப்படியே விட்டுவிட்டாள். பிரியாணி வந்துவிட்டது.