இரண்டாவது தெருவுக்கு முந்திரி இல்லை

முல்லைவன நகரின் ஒற்றுமை இப்போது சௌந்தரவல்லி வீட்டுச் செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில் படுத்திருந்தது. மனை விற்றவர்கள் அந்தக் காலத்தில் தண்ணீர், கரண்டு, பூங்கா, ஒற்றுமை எல்லாவற்றையும் சேர்த்தேதான் விலை சொன்னார்கள். கரண்டு வர வருஷக்கணக்கில் ஆனது. ஒற்றுமையை மட்டும் முதல் நாளே லாரியில் கொண்டுவந்து பூங்கா இடத்தில் இறக்கிவிட்டார்கள். அப்போது அது எருமை அளவு இருந்ததாகப் பழைய ஆட்கள் சொல்வார்கள். அதெல்லாம் சும்மா, அப்போதும் ஆட்டுக்குட்டி அளவுதான் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் சொல்வார்கள். அவர்களில் பாதிப்பேர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள்.

எது எப்படியோ, இப்போது பூனைக்குட்டி அளவு. பூங்காக் கொட்டகையில் விட்டால் காக்கை கொத்துகிறது என்று சௌந்தரவல்லிதான் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கு அதன் மேல் உயிர். யார் வீட்டில் விசேஷம் என்றாலும் பூக்கட்டக் கூப்பிடுவது அவளைத்தான். யாரிடமும் ஒரு வார்த்தை ஏறுக்குமாறாகப் பேசியதில்லை. "உன்னோட குடும்பம் நடத்துறது உப்பில்லாத உப்புமா சாப்பிடுற மாதிரி" என்று அவள் கணவர் தெய்வநாயகம் அலுத்துக்கொள்வார். அதற்கும் "ஆமாங்க" என்பாள்.

நகர் நலச் சங்கச் செயலாளர் ஆல்பர்ட் ஒரு நாள் வந்து, செருப்பு அலமாரியைக் குனிந்து பார்த்தார்.

"இது இனிமே தேறாதும்மா. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல தீர்மானம் போட்டுட்டா, கொட்டகையில நாலு கார் நிறுத்தலாம்."

"அப்போ இது?"

"கோணியில போட்டு ஏரிக்கரையில விட்டுட வேண்டியதுதான். பூனையெல்லாம் அங்கதானே விடுறோம்."

"ஆமாங்க சார்" என்றாள், பழக்கதோஷத்தில். அவர் போன பிறகு வீட்டில் இருந்த கோணிகளை எல்லாம் பரணில் ஒளித்துவைத்தாள்.

ஒற்றுமை சோறு தின்னாது, பால் குடிக்காது. வீட்டுக்கு வீடு பாத்திரம் போய்வந்தால் அதற்குத் தானாக உடம்பு பிடிக்கும். ஒரு கிண்ணம் குழம்பு போனால் அந்தக் கிண்ணம் வெறுமனே திரும்பாது. ஒரு பிடி சர்க்கரையோ இரண்டு எலுமிச்சம்பழமோ போட்டுக்கொண்டுதான் வரும். இப்போது யார் வீட்டுக் குழம்பும் யார் வீட்டுக்கும் போவதில்லை. ஸ்கூட்டரில் வரும் பிளாஸ்டிக் டப்பாவைத் திருப்பித் தர வேண்டியதும் இல்லை.

ஆகவே சனிக்கிழமை காலையில் சௌந்தரவல்லி ஓர் அண்டா நிறையச் சர்க்கரைப் பொங்கல் வைத்து, கிண்ணம் கிண்ணமாக எல்லா வீட்டுக்கும் கொடுத்தாள். முந்திரி முதல் தெருவோடு தீர்ந்துவிட்டது. கடைக்கு ஓடினால் பொங்கல் ஆறிவிடும். இரண்டாவது தெருக்காரர்கள் தங்கமானவர்கள், இதையெல்லாம் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று திராட்சையைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுச் சமாளித்தாள்.

கிண்ணங்கள் எல்லாம் கழுவித் துடைத்து, சர்க்கரையோடு மரியாதையாக அவள் வீட்டுக்கே திரும்பின; அடுத்த வீட்டுக்கு ஒன்றுகூடப் போகவில்லை. ஒற்றுமை கண்ணைக்கூடத் திறக்கவில்லை. அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே பேச்சுக் குரல் கேட்டது. பக்கத்து வீட்டு ஹமீதா கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பின்சுவருக்கு மேலே இரண்டாவது தெரு ரமாமணியின் தலை தெரிந்தது. மாமரக் கிளை விவகாரத்தில் இருவரும் பேச்சை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது.

"உங்க பொங்கல்ல முந்திரி இருந்துச்சா?"

"வாய்க்கு வாய் இருந்துச்சே. ஏன், உங்களுக்கு?"

"மருந்துக்குக்கூட இல்ல."

வாசல் பக்கம் பலகை உடையும் சத்தம் கேட்டது. ஒற்றுமை கீழ்த்தட்டில் கொள்ளாமல் மேல்தட்டை முட்டிப் பெயர்த்திருந்தது.

இருட்டுவதற்குள் விஷயம் இரண்டாவது தெரு முழுக்கப் பரவியது. வருஷக்கணக்கில் பூட்டிக்கிடந்த கேட்டுகள் திறந்தன. கால் வலிக்க நின்று பேசியவர்களுக்கு எதிர்வீட்டிலிருந்து நாற்காலி வந்தது, பிறகு காபி வந்தது. முந்திரி தின்ற கூச்சத்தில் முதல் தெருக்காரர்களும் வந்து, "அவ எப்பவுமே ஆள் பார்த்துத்தான் செய்வா" என்று சேர்ந்துகொண்டார்கள். ஒற்றுமை கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்து ஹாலின் நடுவில் நின்றது. டி.வி. மறைக்கிறது என்று தெய்வநாயகம் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

வழக்கமாக ஆல்பர்ட்டும் மின்விசிறியும் மட்டும் கலந்துகொள்ளும் சங்கக் கூட்டத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார இடமில்லை. சௌந்தரவல்லி ஒற்றுமையைக் கயிறு கட்டிக் கூட்டிவந்தாள். ரமாமணி எழுந்து, "எங்களை என்ன இளக்காரமா நினைச்சீங்களா?" என்று கேட்டாள்.

சௌந்தரவல்லி கைகூப்பினாள். "தப்புதாங்க. முந்திரி தீர்ந்துபோச்சு. மன்னிச்சிடுங்க."

"அட, பாவம், விடுங்கப்பா" என்றது ஒரு குரல். "நல்ல பொம்பளை" என்றது இன்னொன்று. நாலைந்து பேர் வீட்டுக்குக் கிளம்ப எழுந்தார்கள். அவள் கையில் கயிறு தொளதொளத்தது. திரும்பிப் பார்த்தாள். கன்றுக்குட்டி, முயல் அளவுக்கு வந்திருந்தது. இன்னும் கொஞ்சம் மன்னித்தால் கோணிக்குள் போய்விடும். கோணியை ஆல்பர்ட் தயாராக மடியில் வைத்திருந்தார்.

சௌந்தரவல்லி முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பழக்கமில்லாத வேலை என்பதால் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"தீர்ந்தெல்லாம் போகல. வேணும்னேதான் போடல. ரெண்டாவது தெரு மூஞ்சிக்கு முந்திரி ஒரு கேடா?"

முதல் தெருக்காரர்கள் சிலர் சிரித்தார்கள். அது போதாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"முதல் தெருவுக்குப் போட்டது மட்டும் என்ன? பூச்சி அரிச்ச பழைய முந்திரி!"

ஒற்றுமை எழுந்து நின்றதில் ஜன்னல் கம்பிகள் பிதுங்கின. ஆல்பர்ட்டின் கோணி அதன் காலடியில் நார்நாராகக் கிழிந்தது. நகரின் ஒற்றுமை சற்றும் குறையவில்லை என்று அன்றே ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. தெய்வநாயகமும் கை தூக்கினார்.

ஒற்றுமை கொட்டகையில் கொள்ளாமல் பூங்கா முழுக்கப் படுத்துக்கொண்டது. வீட்டுக்கு வீடு கிண்ணங்கள் பறந்தன. சௌந்தரவல்லி வீட்டுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. ரமாமணி மகள் வளைகாப்புக்கு ஊரே போனது, பூவைக் கடையில் வாங்கினார்கள். அவளுக்கு நெஞ்சு வலிக்கும் அளவுக்குத் துக்கமாக இருந்தது. மத்தியானத்தில் யாரும் இல்லாதபோது பூங்காக் கம்பி வழியே கையை நீட்டித் தடவிக்கொடுக்கப் பார்ப்பாள். ஒற்றுமை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதுவும் ஊரோடு சேர்ந்ததுதானே.

மாசி மாதத்தில் ஒரு நாள், தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், புடவையோடு ஒருவர் வந்தார். பைபாஸுக்கு அந்தப் பக்கம் புதிதாக முளைத்த தேன்மொழி அவென்யூவின் தலைவராம். எத்தனையோ நாளைக்குப் பிறகு வீட்டுக்குள் வந்த முதல் ஆள் என்பதால் சௌந்தரவல்லி பாலைச் சுண்டக் காய்ச்சிக் காபி போட்டாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து சுண்டெலி அளவில் எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"எங்க அவென்யூல யாருக்கும் யாரையும் தெரியாதுங்க. வாரத்துல செவ்வாய், வெள்ளி ரெண்டு நாள் நீங்க வந்து எங்களைக் கேவலமாப் பேசிட்டுப் போனீங்கன்னா கோடிப் புண்ணியம்."

சௌந்தரவல்லி புடவையைப் பிரித்துக் கரையைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை விரதங்க, யாரையும் திட்ட மாட்டேன். வியாழக்கிழமை வரட்டுமா?"

அவர் சற்று யோசித்து, வியாழன் காலையில் குப்பை வண்டி வரும்போதுதான் எல்லோரும் வாசலுக்கு வருவார்கள், அதற்குக் கொஞ்சம் முன்னால் வந்தால் நல்லது என்றார்.