தொட்டியில் இட்ட திருநீறு

மலேசியாவில், கோலா சிலாங்கூர் வீட்டின் கூடத்தில் மீன்தொட்டி வைக்கப்பட்ட நாளிலிருந்து, மகாதேவாவின் மனைவி நிருபாவும் மகாதேவாவின் தமக்கை சின்னாச்சியும் ஒருவரோடு ஒருவர் நேராகப் பேசுவதில்லை. ஒரே மேசையில் அமர்ந்து உண்பார்கள். உப்பு வேண்டுமென்றாலும் மகாதேவாவின் வழியாகத்தான் கேட்பார்கள்.

"தம்பி, உன்ரை மனிசியிட்டச் சொல்லு. சாமி அறைக்கு முன்னாலை எலும்புக்கூடு நீந்துற வீடு உருப்படாது."

"இஞ்சேருங்கோ, உங்கட அக்காவிட்டச் சொல்லுங்கோ. எலும்பு எல்லாருக்கும் இருக்கு. இதுகள் மறைக்கேல்லை, அவ்வளவுதான்."

மகாதேவா இவற்றில் எதையும் எவரிடமும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. இரு பெண்களுக்கும் செவி கூர்மையானது.

நிருபா ஓய்வு பெறும்வரை மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தவர். பெஸ்தாரி ஜெயாவுக்கு அப்பால், சதுப்புக் காட்டின் நீர் செம்பனைத் தோட்டத்துக்குள் வடியும் ஓர் ஓடையில் அந்த மீன்களை அவர் கண்டார். ஒவ்வொன்றும் ஓர் அரிசி மணியை விடச் சற்றே நீளம். உடலுக்கு நிறமென்று ஒன்றில்லை. முதுகெலும்பு, குடல், துடிக்கும் இதயம் ஆகிய அனைத்தும் வெளியே தெரியும். அவை வாழும் நீரோ பால் சேர்க்காத தேநீரின் நிறம். நாவில் வைத்தால் இலேசாகப் புளிக்கும். அந்த நீரையே கலன்களில் கொண்டுவந்து, கெத்தாபாங் என்னும் நாட்டுவாதுமையின் உலர்ந்த இலைகளைப் பரப்பி, அவர் அவற்றை வளர்த்தார்.

கேமராவில் அவற்றைப் படம் எடுக்கும்போது மின்விசிறியும் ஓடக்கூடாது. விரலகலமே உள்ள கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மீனை மட்டும் விட்டு, பின்னால் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, மேலிருந்து ஒளியை இறக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு அவர் காத்திருப்பார். அவ்வேளைகளில் சின்னாச்சி வேண்டுமென்றே கதவை அறைந்து சாத்துவார். நீர் நடுங்கும், படம் கலங்கும்.

சென்ற மாதம் தோட்டத்தார் மண்வாரி இயந்திரத்தைக் கொண்டு ஓடையைத் தோண்டி அகலப்படுத்தினார்கள். அதன் பின் எத்தனை முறை வலையிட்டும் நிருபாவுக்கு ஒரு மீனும் அகப்படவில்லை. தொட்டியில் இருந்த ஏழும்தான் அவருக்குத் தெரிந்து எஞ்சியவை. அவற்றுள் ஒன்று ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில் வயிற்றில் முட்டைகளோடு காணப்பட்டது. அது முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தால் அந்த இனம் தொட்டியிலாவது தொடரும். இல்லையென்றால் அதோடு முடிந்தது. நிருபா அதைப் படம் எடுத்தார். கணவரிடம் மட்டும் செய்தியைச் சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனார். மகாதேவா அதைத் தமக்கையிடம் சொன்னார். அவர் எடுத்துச் சென்று சேர்த்த செய்தி அந்த ஆண்டில் அது ஒன்றே.

வெள்ளிக்கிழமைதோறும் பூசை முடிந்ததும் சின்னாச்சி திருநீற்றுத் தட்டோடு வீட்டைச் சுற்றி வருவார். நிலைப்படி, அரிசிப் பானை, தையல் இயந்திரம், காரின் முன்கண்ணாடி என எதுவும் விடுபடாது. மீன்தொட்டி மட்டும் விடுபடும். அதைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். அன்று அவர் திருப்பிக்கொள்ளவில்லை. தொட்டியின் மூடியைத் திறந்து, விடுபட்ட வெள்ளிகளுக்கெல்லாம் சேர்த்து, ஒரு பிடி திருநீற்றை நீருக்குள் இட்டார்.

நிருபா திரும்பி வந்தபோது நீர் கலங்கியிருந்தது. கண்ணாடி போன்றிருந்த உடல்கள் பால்வெள்ளையாக மாறி, நீரின் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இரண்டு ஏற்கெனவே அடியில் கிடந்தன. காய்கறிப் பை அவர் கையிலிருந்து விழுந்தது.

"இதுக்குள்ளை ஆர் சாம்பல் போட்டது?"

"சாம்பலோ? தம்பி, கேட்டியே கதையை! திருநீறு இவவுக்குச் சாம்பலாம்!"

"புளிச்ச தண்ணியிலை வாழுற சீவன் இது. சாம்பல்லை இருக்கிறது காரம். காரம் பட்டால் உள்ளுக்கை வெந்துபோகும். கொன்றுபோட்டீங்கள், மச்சாள்!"

நேராக வந்து விழுந்த அந்தச் சொல்லில் சின்னாச்சி ஒரு கணம் திகைத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"வயித்துப்பிள்ளைக்காரிக்குத் திருநீறு பூசாமல் விடுற வழக்கம் இந்த வீட்டிலை இல்லை. மீனெண்டாலும் சரி. நல்லதுக்குப் போட்டனான். பெருமான்ரை திருநீற்றாலை ஆரும் செத்ததாய் நான் கேள்விப்படேல்லை."

"கேள்விப்பட வேண்டாம். குனிஞ்சு பாருங்கோ."

சின்னாச்சி குனியவில்லை.

"அக்கா, விடுங்கோ லா," என்றார் மகாதேவா.

"நீ வாயை மூடு!" என்றனர் இருவரும் ஒன்றாக.

சண்டை பிடிக்க நேரமில்லை. சேமித்து வைத்திருந்த ஓடை நீரையும் டெங்கிக் கொசு முட்டையிடும் என்று சின்னாச்சி சென்ற வாரமே முற்றத்தில் கவிழ்த்திருந்தார். இனி ஓடைக்குப் போய்த்தான் கொண்டுவர வேண்டும். நிருபாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. மகாதேவாவுக்கு ஓடை இருக்கும் இடம் தெரியாது. இருவரும் போக வேண்டும். அதுவரை எவரேனும் தொட்டியின் அருகில் இருந்து, ஒரு கோப்பை கலங்கல் நீரை எடுப்பதும் மூடிய பீப்பாயிலிருந்து ஒரு கோப்பை மழைநீரை மெல்ல வார்ப்பதுமாக இருக்க வேண்டும். ஒரேயடியாக மாற்றினால் அந்த அதிர்ச்சியிலேயே எஞ்சியவையும் செத்துவிடும்.

நிருபா கோப்பையை நீட்டினார்.

"கொலைகாரி எண்ட மாதிரிக் கத்தினாய். இப்ப கொலைகாரியிட்டையே குடுத்திட்டுப் போறியோ?"

"வேறை ஆரும் இல்லை."

"கெஞ்சிக் கேள்."

"கெஞ்சமாட்டன். செய்யாட்டில் செத்துப்போகும். அதையும் உங்கட கணக்கிலைதான் எழுதுவன்."

சின்னாச்சி கோப்பையைப் பறித்துக்கொண்டார்.

வழியில், அசாம் ஜாவா சந்தியில் செம்பனைக்குலை லோரிகள் வரிசையாக நின்றன. மகாதேவா ஹாரனை அடித்தார், ஒருவரும் அசையவில்லை. "அக்கா பார்த்துக்கொள்ளுவா," என்றார் அவர். "உங்கட அக்கா கதவைச் சாத்துவா, அதுதான் அவவுக்குத் தெரிஞ்ச வேலை," என்றார் நிருபா. தோட்டத்துக் கரையில் ஓடை முன்னைவிட அகன்று, புல்லின்றி, மொட்டையாகக் கிடந்தது. நீர் மட்டும் கறுப்பாகவே இருந்தது. நிருபா கலன்களை நிரப்பினார். வலையை எடுத்துவந்திருந்தும் அதை நீரில் இறக்கவில்லை.

திரும்பியபோது சின்னாச்சி தொட்டியின் முன் முக்காலியில் அமர்ந்திருந்தார். சேலையின் முன்பக்கம் முழுதும் நனைந்திருந்தது. செத்த மீன்கள் நான்கும் ஒரு வாழையிலைத் துண்டின் மேல் வரிசையாகக் கிடந்தன.

"மூண்டு இருக்கு," என்றார் சின்னாச்சி. "வயித்துக்காரியும் இருக்கிறாள். பார்த்துக்கொள்."

நிருபா கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்தார். மூன்றின் உடலும் தெளியத் தொடங்கியிருந்தது. பெண் மீனின் முதுகெலும்பு மீண்டும் தெரிந்தது. அதன் கீழே, காலையில் முட்டைகள் செறிந்திருந்த இடம், வெறுமையாக இருந்தது. அவர் அடியில் கிடந்த இலைகளைப் பார்த்தார். இலைகள் துடைத்தாற்போல் இருந்தன.

"இலையிலை வெள்ளையாய் ஏதேனும் கிடந்ததோ?"

"கிடந்தது. உன்ரை கண்ணிலை பட முன்னம் எடுத்துப்போட்டன். கரையாத திருநீற்றுத் துகள். ஒவ்வொண்டாய்க் கரண்டியாலை அள்ளி, காலிலை மிதிபடக் கூடாதெண்டு துளசியடியிலை ஊத்தினனான். நீ சொல்லாத வேலையும் செய்திருக்கிறன்."

நிருபா முற்றத்துக்கு ஓடினார். துளசிச் சாடியின் மண் வெயிலில் சூடாக இருந்தது; ஊற்றிய நீர் முழுதும் உறிஞ்சப்பட்டிருந்தது. அவர் விரலால் மண்ணைக் கிளறினார். கண்ணுக்கு எதுவும் அகப்படவில்லை.

"என்ன தேடுறாய்?" என்று கேட்டபடி சின்னாச்சி பின்னால் வந்து நின்றார்.

"அது திருநீறில்லை, மச்சாள். முட்டை."

"வயித்திலை எல்லோ இருக்கெண்டு தம்பி சொன்னவன்?"

"பயந்து அந்தரப்பட்டால் இட்டுப்போடும்."

சின்னாச்சி தமது ஈரச் சேலையைப் பிழிந்தார். பிழிய வேண்டிய அளவுக்கு மேலும் பிழிந்தார். "முட்டை எண்டால் எப்படியிருக்கும் எண்டு ஆர் எனக்குச் சொன்னது?" என்றார். குரலில் கடுமை இருந்தது. ஆனால் அது எவர் மேல் என்பதில் தெளிவில்லை.

நிருபா உள்ளே போய்க் கேமராவைக் கொண்டுவந்து, அன்று காலையில் எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கி, அவருடைய முகத்துக்கு நேரே நீட்டினார். கறுப்புப் பின்னணியில் ஒரு முதுகெலும்பு. அதன் கீழே நெருக்கமாகப் பதிந்த வெள்ளை மணிகள். அதுவரை அந்தப் படங்களில் ஒன்றையேனும் பார்க்க மறுத்து வந்த சின்னாச்சி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"முன்னமே காட்டியிருக்கலாமே."

"கேட்டனீங்களோ?"

"நீ காட்டினனியோ?"

உள்ளேயிருந்து மகாதேவா இரண்டடி வைத்து வந்தார். முகங்களைக் கண்டு திரும்பிப் போனார்.

"திரும்பவும் இடுமோ?" என்று சின்னாச்சி கேட்டார்.

"இடும். மிஞ்சினதிலை ஒண்டாவது ஆணாய் இருக்க வேணும். செட்டை விளிம்பிலை கறுப்புக் கோடு இருந்தால் ஆண்."

சின்னாச்சி விடுவிடென்று உள்ளே நடந்து, முதன்முறையாகத் தொட்டியின் கண்ணாடிக்கு நேரே முகத்தை வைத்துக் குனிந்தார். நிருபா அவருக்குப் பின்னால் நின்றார். புதிய கறுப்பு நீரை இன்னும் வார்க்கத் தொடங்கவில்லை. மூன்று உயிர்களும் அசையாமல் நின்றன.

"இஞ்சை ஒண்டுக்குக் கோடு இருக்கு."

"எங்கை? தள்ளுங்கோ, வெளிச்சத்தை மறைக்கிறியள்."

"தள்ளமாட்டன். நீயே வந்து பார்."

கோடு இருந்தது. ஐயத்துக்கு இடமில்லை. நிருபா கலனைத் திறந்து, முதல் கோப்பைக் கறுப்பு நீரை மெல்ல வார்த்தார்.

"ஆண் கிடக்கு, பெண் கிடக்கு. பிறகேன் அப்பிடிக் கத்தினாய்?" என்றார் சின்னாச்சி.

"இனி இந்த மூடியிலை உங்கட கை பட்டால் இன்னும் கத்துவன்," என்றார் நிருபா, கண்ணை நீரிலிருந்து எடுக்காமலே.