மேல்கணக்குக்கு ஒரு ஞானி

பேச்சியம்மா அழுவதற்கு வாயைத் திறந்த நேரத்தில், வாசலில் வந்து நின்ற பழனியாண்டி பஸ்ஸை நிறுத்துகிறவர் மாதிரிக் கையைத் தூக்கினார்.

"தங்கச்சி, சத்தம் போடாத! அழுதியின்னா எல்லாம் கெட்டுப் போயிரும்."

கெட்டுப்போக இனி என்ன மிச்சம் இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் விரித்த சாக்கின்மேல் அவள் புருஷன் சோலைமலை சம்மணம் கூட்டி, முதுகைச் சுவரில் சாய்த்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். மூச்சு நின்று கால் மணி நேரம்தான் இருக்கும். முப்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவள் புருஷனுக்காக ஒரு குரல் அழ யாரிடம் உத்தரவு கேட்க வேண்டும்?

"பாத்தியா, உக்காந்தபடியே போயிருக்கான். இது சாவு இல்ல தங்கச்சி, சமாதி. ஞானம் அடைஞ்சவனுக்கு அழுகக் கூடாது. அழுதா அந்த ஆத்மா திரும்பிப் பாக்கும், மறுபடியும் பொறந்து வந்து கஷ்டப்படும்," என்றார் பழனியாண்டி. சொல்லும்போதே அவர் குரல் கம்மியது. அதில் பாதி துக்கம், பாதி பொறாமை.

பொறாமைக்கு நியாயம் இருந்தது. பழனியாண்டி அந்த லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராக்காரர், சோலைமலைக்கு மச்சான் முறை. இருவரும் ஒரே மலையில் தேயிலைச் செடியைக் கழித்துக் கவ்வாத்து வெட்டி, ஒரே வருஷம் வேலையை விட்டு நின்றவர்கள். அவர்களை ஞானத்தின் பக்கம் தள்ளிவிட்டது எந்தச் சாமியாரும் இல்லை, வட்டவளை டவுனில் ஜமால்தீன் நானா கடையில் இருந்த ரேடியோதான். ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கப் போனால், அமெரிக்காக்காரன் ஒரு குண்டு வைத்திருக்கிறான் என்று அது சொல்லும். அடுத்த ஞாயிறு போனால், ரஷ்யாக்காரன் அதைவிடப் பெரிதாக ஒன்று வைத்திருக்கிறான் என்று சொல்லும். ஒரு குண்டுக்கு ஒரு பட்டணமே சாம்பலாகும் என்று நானா விளக்கம் கொடுப்பார்.

"வட்டவளையுமா?" என்று சோலைமலை கேட்டார்.

"வட்டவளை என்ன வட்டவளை? அட்டன், நுவரெலியா, கண்டி எல்லாத்துக்கும் சேத்து ஒண்ணு போதும்," என்றார் நானா, சீனியைப் பொட்டலம் கட்டிக்கொண்டே.

அன்றைக்கே சோலைமலை முடிவு கட்டினார்: குண்டு விழுவதற்குள் ஞானம் அடைந்துவிட வேண்டும். மறுநாளே கருவாட்டை விட்டார். அதைக் கேள்விப்பட்ட பழனியாண்டி கருவாட்டோடு வெங்காயத்தையும் விட்டார். சோலைமலை காலையில் ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்தால், அடுத்த காம்பராவில் பழனியாண்டி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார். இவர் வெள்ளிக்கிழமை பேசமாட்டார் என்றால், அவர் செவ்வாயும் வெள்ளியும் பேசமாட்டார். இருவரும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு, அடுத்தவர் எப்போது எழுந்திருக்கிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டே தியானம் செய்தார்கள். இப்படியே மூன்று வருஷம் போயிற்று.

இந்தப் போட்டியில் பேச்சியம்மாவுக்குக் கிடைத்தது வெறும் சோறும், வாய் பேசாத புருஷனும்தான். அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டே வெகுநாளாகியிருந்தது. ஒருநாள் மட்டும் 'மாயை' என்று கூப்பிட்டார். அவள் விறகுக்கட்டையைக் கையில் எடுத்த பிறகு அதையும் விட்டுவிட்டார்.

போன வாரம் விஷயம் முற்றிவிட்டது. கியூபா என்று ஒரு தீவாம். அங்கே ரஷ்யாக்காரன் குண்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டானாம், அமெரிக்காக்காரன் கடலை மறித்துக்கொண்டு நிற்கிறானாம், இன்றைக்கோ நாளைக்கோ என்கிற நிலைமையாம். நானா கடையிலேயே அரிசி வாங்க ஆள் அலைமோதியது. தீபாவளிக்கு முதல் நாள் சம்மணம் கூட்டிய சோலைமலை, அவசரத்துக்குப் போய் வந்ததைத் தவிர எழுந்திருக்கவே இல்லை. தீபாவளி அன்று பொடியன்கள் வாசலிலேயே சரவெடி கொளுத்தினார்கள். அவர் இமைகூட அசையவில்லை. லயமே அசந்து போயிற்று. அவர் காதில் பஞ்சை அடைத்துவிட்டது பேச்சியம்மா என்பது லயத்துக்குத் தெரியாது.

இன்றைக்குத் திங்கட்கிழமை. ஆள் போய்விட்டார்.

மத்தியானத்துக்குள் செய்தி மலை முழுக்கப் பரவிவிட்டது. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் வந்தார்கள். வந்தவர்கள் மாரில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்க, பழனியாண்டி ஒவ்வொருத்தியாகத் தடுத்தார். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவர்கள் கும்பிட்டார்கள். சாவுக்குப் பறை அடிக்க வந்த தப்புக்காரர்கள் தப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெற்றிலை போட்டார்கள்.

பெரிய கங்காணி அழகுமுத்து வந்து ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மேல்கணக்கு, கீழ்கணக்கு என்று அந்தத் தோட்டம் இரண்டு பிரிவு. கீழ்கணக்கில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் செத்த ஒரு சாமியாருக்குச் சமாதி கட்டி, தகரக் கூரை போட்டு, வெள்ளிக்கிழமைதோறும் பொங்கல் வைக்கிறார்கள். அட்டனிலிருந்துகூட ஆள் வருகிறது. அன்றிலிருந்து கீழ்கணக்குக் கங்காணி இவரைப் பார்த்தால் முதலில் கையைத் தூக்கிக் கும்பிடுவதில்லை.

"அவங்க சாமியார் படுத்துக்கிட்டுத்தானே செத்தாரு?" என்று கேட்டார் அழகுமுத்து.

"படுத்துக்கிட்டுத்தான். வயித்தால போயி," என்றார் பழனியாண்டி.

"நம்ம ஆளு உக்காந்து! இனிமே கீழ்கணக்கான் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்குவான்னு பாக்குறேன். ஏய், ரெண்டு பேரு மம்பட்டிய எடுத்துக்கிட்டு ஓடுங்க. குழிய நீட்டா வெட்டாதீங்க, சதுரமா கெணறு மாதிரி வெட்டுங்க. உக்காத்தி வைக்கணும். மேல ரெண்டு தட்டுக் கூரை. அவனுக்கு ஒண்ணுன்னா நமக்கு ரெண்டு."

பேச்சியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றாள்.

"அண்ணே, அப்ப என் தாலி?" என்று கேட்டாள்.

பழனியாண்டி யோசித்தார்.

"அறுக்க வேணாம் தங்கச்சி. ஞானிக்குச் சாவு ஏது?"

"அப்ப கட்டிக்கிட்டே இருக்கவா?"

"அதும் கூடாது. ஞானிக்குப் பொண்டாட்டி ஏது?"

"இப்ப நான் அவருக்கு யாருண்ணே?"

"நீயும் எல்லாரு மாதிரி ஒரு பக்தைதான்," என்றார் பழனியாண்டி, மனம் நோகாமல் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு.

கங்காணி மூக்கைச் சுருக்கினார். "என்னமோ வாசம் வருதே?"

"ஞானிங்க இருக்கிற எடத்துல அப்பிடி ஒரு மணம் வருமாம்," என்ற பழனியாண்டி ஆழமாக மூச்சை இழுத்தார். இன்னொரு தரம் இழுத்தார். அவர் கண் கலங்கிவிட்டது. வாயிலும் ஏதோ ஊறியது போலிருந்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டார்.

பேச்சியம்மா நகர்ந்து, அடுப்பு மேடையில் கவிழ்த்திருந்த சட்டியை மறைத்துக்கொண்டு நின்றாள். அதற்கடியில் இருந்தது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

காலையில் மண்ணெண்ணெய் வாங்க அவள் நானா கடைக்குப் போயிருந்தாள். "பேச்சியம்மா, குண்டு இல்ல, ஒண்ணும் இல்ல! கப்பலெல்லாம் திரும்பிட்டாம், ரேடியோவுல சொன்னான். வீட்டுக்காரர எழும்பி நடமாடச் சொல்லுங்க," என்றார் நானா. அவள் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு மேடெல்லாம் ஓடி வந்தாள். புருஷன் காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கினாள். மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னாள்.

சோலைமலை கண்ணைத் திறந்தார்.

"அப்ப பொழச்சுக்கிட்டமா, பேச்சி?"

பேச்சி. மூன்று வருஷத்துக்குப் பிறகு வந்த பேர். அவளுக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. அவரும் சிரித்தார். மேல்வரிசையில் இரண்டு பல் விழுந்திருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள். எப்போது விழுந்ததோ தெரியவில்லை.

"அந்த அடுப்புக்கு மேல அட்டல்ல நீ ஒளிச்சு வச்சிருக்கிற கருவாட்டுல ரெண்டு துண்டு சுடு. ஒரு தேத்தண்ணியும் ஊத்து."

"ஒளிச்சு வச்சது ஒங்களுக்குத் தெரியுமா?"

"மூணு வருசமா கண்ண மூடுனா அது மட்டுந்தான் புள்ள தெரியுது."

அவள் சுட்டாள். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் வெயில் விழுந்திருந்தது. பின்னால் அவர் ஏதோ பழைய கவ்வாத்துக் காட்டுக் கதை சொல்லிக்கொண்டிருந்தார், பாதியில் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தால் தலை சுவரில் சாய்ந்திருந்தது. பழனியாண்டியின் காலடி கேட்கவும் அவள் கருவாட்டுத் தட்டின்மேல் சட்டியைக் கவிழ்த்தாள். ஏன் கவிழ்த்தாள் என்று இப்போதும் அவளுக்குத் தெரியாது.

தெரிந்தது இதுதான்: உண்மையைச் சொன்னால் தோட்டம் சிரிக்கும். மூணு வருஷம் பட்டினி கிடந்து கடைசியில் கருவாட்டில் கவிழ்ந்தான் சோலைமலை என்று காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் காலம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் அவர் சாமியாகிவிடுவார். அந்தக் கொஞ்ச நேரம், பேச்சி என்று கூப்பிட்டுச் சிரித்த அந்த மனுஷன், யாருக்குமே இல்லாமல் போய்விடுவார். அவரை அவள் கும்பிடலாம். அழ முடியாது.

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். சிரிப்புக்கு ஆளாக்குவதைவிடச் சாமியாக்குவது மேல் என்றுதான் அவளுக்கு அப்போது தோன்றியது.

நாலு மணிக்கு மகள் பூரணி வந்து சேர்ந்தாள். திம்புள்ளப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். கொழுந்து லொறியில் தொற்றி வந்திருக்கிறாள். கோயில் வளைவிலிருந்தே "அப்பா, அப்பா" என்று ஒற்றைச் சொல்லைச் சொல்லிக்கொண்டு ஓடி வந்தவளைக் கங்காணி வாசலில் மறித்தார்.

"பூரணி, அழுகக் கூடாது ஆத்தா. அப்பா சாமியாயிட்டாரு. விழுந்து கும்பிட்டுக்க."

பூரணிக்கு ஒன்றும் புரியவில்லை. மாலை போட்டு, நெற்றி நிறைய விபூதி பூசி, முதுகுக்கு ஒரு பலகை கொடுத்து வேட்டியால் கட்டி நிமிர்த்தி வைத்திருந்த அப்பனைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள் விக்கல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அப்புறம், சொன்னபடியே, தரையில் விழுந்து கும்பிட்டாள்.

அதைப் பேச்சியம்மாவால் தாங்க முடியவில்லை. பெற்ற அப்பனுக்குப் பிள்ளை திருட்டுத்தனமாகவா அழ வேண்டும்? அவள் கவிழ்த்த சட்டியைத் தூக்கி எறிந்தாள். கருவாட்டுத் தட்டைக் கொண்டுவந்து புருஷன் காலடியில் வைத்தாள். தலைமுடியை அவிழ்த்துவிட்டு, நாள் முழுக்க அடக்கி வைத்திருந்த ஒப்பாரியை எடுத்தாள்.

"குண்டு விழலீங்க – எங்க
கூரை மேல விழலீங்க
குந்துன எடத்துலயே – எங்
குடி முழுகிப் போச்சுதுங்க!

கப்பலு திரும்பிருச்சே – நீங்க
கண்ணு தெறந்தீகளே
கருவாடு கேட்டீகளே – என்னப்
பேரு சொல்லிக் கேட்டீகளே
சுட்டு நான் வாரதுக்குள்ள – என்ன
விட்டு நீங்க போனீகளே!"

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். சிரித்தவளே அடுத்த நிமிஷம் மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்து பேச்சியம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பூரணி அம்மா மடியில் விழுந்தாள். வந்ததிலிருந்து கையை அடக்கி வைத்திருந்த அத்தனை பெண்களும் சேர்ந்து எடுத்த குரலில் தகரக் கூரை அதிர்ந்தது. வெளியே தப்புக்காரர்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தப்பைக் காய்ச்ச நெருப்பு மூட்டினார்கள்.

"என்னா பேச்சியம்மா இது! கொஞ்சம் பொறுத்திருக்கப்படாதா? கெணறு மாதிரி வெட்டியாச்சே!" என்று தலையில் கைவைத்தார் கங்காணி. அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

பழனியாண்டி மட்டும் கருவாட்டுத் தட்டுக்கு எதிரே குந்தியிருந்தார்.

"நெசமாவே கேட்டானா தங்கச்சி?"

"கேட்டாருண்ணே."

"கண்ண மூடுனா அவனுக்கும் இதுதான் தெரிஞ்சுச்சாமா?"

"இது மட்டுந்தான் தெரிஞ்சுச்சாம்."

"அவனுக்குமா!" என்றார் பழனியாண்டி. மூன்று வருஷமாக அவர் தனக்குள் வைத்துப் பூட்டியிருந்த ஒன்று அப்போது விட்டுப்போயிற்று. "பாவி, சுவத்துக்கு அந்தப் பக்கந்தானே இருந்தேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடா மச்சான்!" தோளில் கிடந்த துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். பொறாமை எல்லாம் போய், வெறும் துக்கம் மட்டும் இருந்த அழுகை அது. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, கங்காணியைப் பார்த்து, "குழிய நீட்டச் சொல்லுங்க. என் மச்சான் கால நீட்டிப் படுக்கட்டும்," என்றார்.

வேட்டிக் கட்டை அவிழ்த்து அவரைப் பாயில் கிடத்தினார்கள். ஆனால் மூன்று நாள் மடங்கியிருந்த கால் விறைத்துப்போயிருந்தது. இரண்டு ஆண்கள் முழங்காலை அழுத்திப் பார்த்தார்கள், அசையவில்லை. "இன்னும் கொஞ்சம் பலமா" என்றார் ஒருவர்.

"தள்ளுங்க," என்றாள் பேச்சியம்மா.

பாயின் கோடியில் உட்கார்ந்து, அந்தக் கால்களை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். பூரணி வெந்நீரும் நல்லெண்ணெயும் கொண்டுவந்து வைத்தாள். பேச்சியம்மா துணியை நனைத்து ஒற்றி, எண்ணெயை உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்து, முழங்காலின் இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து மெல்ல மெல்ல நீவினாள். வெளியே தப்பு அடித்தது, பெண்கள் அழுதார்கள், கங்காணி குழிக்காரர்களைத் தேடிக் கத்தினார். அவள் எதையும் கேட்கவில்லை. ஒரு கால் இளகியது. வெகுநேரம் கழித்து மற்றதும் இளகியது. இரண்டும் அவள் மடியைத் தாண்டி நீண்டு கிடந்தன.

"நீண்டுருச்சு தங்கச்சி," என்றார் பழனியாண்டி.

"தெரியுதுண்ணே," என்றாள் பேச்சியம்மா. இன்னும் கொஞ்சம் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டாள்.