பூஜையில் ஏறிய கையெழுத்து

ராஜ்கோட்டில் நான் கம்பெனி செக்ரட்டரியாக, கம்பெனிகளின் கணக்கைச் சர்க்காரிடம் தாக்கல் செய்பவளாக, தொழில் தொடங்கிப் பதினோரு வருஷமாகிறது. என் கையில் இருக்கும் எந்தப் பிரைவேட் லிமிடெட்டும் இதுவரை ஒரு நாள்கூடக் கெடு தவறியதில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது.

மற்ற ஆபீஸ்களில் முதலாளிகளின் டிஜிட்டல் கையெழுத்தை, அந்தக் கட்டைவிரல் அளவு பென் டிரைவை, மேஜை டிராயரில் போட்டுவைத்து ஆபீஸ்காரர்களே செருகிக்கொள்வார்கள். நான் செய்யமாட்டேன். கையெழுத்து யாருடையதோ, அவரிடம்தான் இருக்க வேண்டும்.

அந்த வீறாப்புதான் இந்தத் தீபாவளிக்கு என் கழுத்தைப் பிடித்தது. பம்பு உதிரிபாகம் செய்யும் துலசிபாயின் கம்பெனி ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய அன்றே கடைசி நாள். நாலு முறை போன் செய்தும் மனிதர் வரவில்லை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். முந்தின நாள் தன்தேரஸ், பொன்னையும் பணத்தையும் பூஜிக்கும் நாள். லட்சுமி படத்துக்கு முன்னால், வெள்ளிக் காசுகளுக்கு நடுவில், குங்குமப் பொட்டோடு இருந்தது அவருடைய பென் டிரைவ்.

"பூஜையில வச்சத லாப பஞ்சமி வரைக்கும் எடுக்கக் கூடாது நயனாபேன். எங்கப்பா பேனாவக்கூடத் தொடமாட்டாரு."

தீபாவளி முடிந்து மறுபடி தொழில் தொடங்கும் அந்த லாப பஞ்சமிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. கெஞ்சினேன், அதட்டினேன். அபராதம் கட்டிவிட்டுப் போகலாம் என்று கூக்ரா பலகாரத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். அவருக்கு அது பணம், எனக்குப் பதினோரு வருஷம்.

அப்போது தண்ணீர் கொண்டுவந்தார் அவர் மனைவி ரசீலாபேன். கம்பெனியின் இரண்டாவது டைரக்டர். பேருக்குத்தான் என்பார் துலசிபாய். ரசீலாபேனுக்கும் ஒரு டிஜிட்டல் கையெழுத்து வாங்கி, காலாவதியாகாமல் புதுப்பிக்க நான் அடம்பிடித்தபோது, தண்டச் செலவு என்று முணுமுணுத்தவரும் துலசிபாய்தான்.

"ரசீலாபேன், உங்க பென் டிரைவ் எங்க?"

புடவை அலமாரியிலிருந்து வந்தது. புதுப்பித்து வந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. இரண்டு டைரக்டர்களையும் எதிரெதிரே உட்காரவைத்து, ரசீலாபேன் கையெழுத்திடலாம் என்று தீர்மானம் எழுதினேன். துலசிபாய் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

அவசரத்தில் என் விதியை மறந்து நானே செருகப் போனேன். ரசீலாபேன் என் கையைத் தடுத்தார். படிக்காமல் போடமாட்டாராம். ராத்திரி மணி பதினொன்று. சர்க்காரின் இணையதளம் வேறு நத்தையாக ஊர்ந்துகொண்டிருந்தது. கண்ணாடியை எடுத்து மாட்டி, ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"பொம்பளத் தொழிலாளிங்க நாலுன்னு இருக்கு. பேக்கிங்ல ஏழு பேராச்சே. நேத்து நாந்தான ஏழு பேருக்கும் ஸ்வீட் குடுத்தேன்?"

கம்பெனியின் ஆண்டறிக்கையைப் புரட்டினேன். அதில் ஏழுதான். படிவத்தில் நாலு என்று அடித்தது நான். யானைக்கும் அடி சறுக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முகம் மட்டும் எரிந்தது.

திருத்திக் கொடுத்தேன். அவரே செருகி, அவரே கடவுச்சொல் அடித்தார். பன்னிரண்டடிக்கப் பத்து நிமிஷம் இருக்கையில் ரசீது வந்தது. என் பதினோரு வருஷத்துக்குக் கீறல் விழவில்லை. பெருமையில் பாதியை அன்று ரசீலாபேனுக்கு மனசார எழுதிவைத்தேன்.

துலசிபாய் அந்தப் பென் டிரைவை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு குங்குமச் சிமிழைத் திறந்தார்.

"இதையும் லட்சுமிகிட்ட வச்சிடுவோம்."

ரசீலாபேன் அதை அவர் கையிலிருந்து எடுத்து, சாவிக்கொத்தில் கோத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"உங்களுது அங்கயே இருக்கட்டும். இதுக்கு வேலை இருக்கு."