ஒரு சதவீதச் சிதைவு

டெசிபல் என்று அவருக்குக் கேலியாகத்தான் பெயர் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார். ஆம்ப்ளிஃபையரோ ஸ்பீக்கரோ, நண்பர்களில் யார் புதிதாக வாங்கினாலும் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தாக வேண்டும். பெட்டியைப் பிரித்ததும் விவரத்தாளை எடுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உரக்க வாசிப்பார். ஒலியில் சிதைவு எத்தனை சதவீதம், இரைச்சல் எவ்வளவு. அதோடு தீர்ப்பு ஆகிவிடும். பாட்டுப் போட்டுப் பார்ப்பதெல்லாம் கடைசியில், நேரம் இருந்தால்.

"காதை நம்பாதீங்கய்யா. அது பொய் சொல்லும்" என்பார்.

அவருடைய காது கொஞ்ச காலமாகப் பொய்கூடச் சொல்வதில்லை. மனைவி எது சொன்னாலும் பொதுவாக ஒரு தலையாட்டல். ஒருநாள் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து கத்தியபோது, அவர் கூடத்தில் இரண்டு ஸ்பீக்கர்களின் விவரத்தாள்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து தூக்கினார்.

அவள் அழவில்லை, சண்டைக்கும் போகவில்லை. கட்டுப்போட்ட கையோடு அவர் முகத்துக்கு நேரே நின்று, உதடு தெரியும்படிச் சொன்னாள்: "காது டாக்டர்கிட்ட வாங்க. இல்லைன்னா நான் அக்கா வீட்டுக்குப் போயிடறேன். இந்தத் தடவை சும்மா சொல்லலை."

போனார்கள். டாக்டர் நீட்டிய வரைபடத்தை டெசிபல் ரசித்துப் பார்த்தார். "ரெண்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல இப்படிச் சரியுதே. இந்த மாதிரி ஸ்பீக்கரை நான் வாசப்படி ஏறவிடமாட்டேன்."

"ஸ்பீக்கர்னா மாத்திக் குடுத்துடலாம் சார். இது உங்க காது" என்று கத்தினார் டாக்டர். சின்னதாக ஒரு கருவியை மேசைமேல் வைத்தார். "இதைப் போட்டுக்கிட்டா அம்மா பேசறது கேக்கும்."

"விவரத்தாள் இருக்கா?"

டாக்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரைப் பார்த்தாள். தாள் வந்தது.

"எட்டாயிரம் ஹெர்ட்ஸ்தானா? சிதைவு ஒரு சதவீதமா? என் ஆம்ப்ளிஃபையர்ல பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் ஒண்ணு. அதைப் போய் இந்த ஓட்டைக்குள்ள நுழைச்சுக் கேக்கச் சொல்றீங்க."

"சார், இது மனுஷங்க பேசறதைக் கேக்கறதுக்கு."

"ஒரு தடவை போட்டுத்தான் பாருங்களேன்" என்றாள் மனைவி.

உதடுகள் அவருக்குப் புரிந்தன. "போட்டுவேற பாக்கணுமா? அதான் தாள்லயே இருக்கே" என்று எழுந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை புது ஆம்ப்ளிஃபையர் ஒன்று வந்தது. டெசிபல் வாசித்துக்கொண்டிருந்த அதே கூடத்தில் நின்று மனைவி போனில் பேசினாள்.

"கிளம்பிட்டேன்க்கா. ரகசியமா எதுக்குப் பேசணும், அவர் எதிர்லதான் நிக்கறேன்."

நண்பர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தாளில் இருக்கும் எண்களைப் பார்த்து அசந்துபோய்விட்டார்கள் என்று டெசிபல் நினைத்தார். உற்சாகம் தாங்காமல், பாட்டு எதுவும் போடாமல் வால்யூமை மட்டும் முழுக்கத் திருப்பினார். ஸ்பீக்கர் இரண்டும் உஸ்ஸென்று குக்கர் மாதிரிச் சீறின. அந்தச் சீறலுக்கு நடுவே மனைவி இழுத்த பெட்டியின் சக்கரங்கள் கூடத்தைத் தாண்டின. அவர் முதுகுக்குப் பின்னால் வாசல் கதவு சாத்திக்கொண்டது.

"முழு வால்யூம்" என்றார் டெசிபல். "சின்னதா ஒரு இரைச்சல் உண்டா? சொல்லுங்க."

பக்கத்தில் இருந்தவர் கதவைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினார்.