அஞ்சுதான் சார்

அத்தை மகளை நான் ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவேன். நீளக் கழுத்து, எந்நேரமும் கையில் தண்ணீர் பாட்டில். அத்தைக்கு வேலை மாற்றலானதிலிருந்து அவள் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். என் அறையில் பாதி, என் அலமாரியில் முக்கால்வாசி அவளுடையது. போதாதென்று பள்ளி அணியில் என் இடத்துக்கும் குறி வைத்திருந்தாள். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டத்துக்கு ஒருத்திதான் போக முடியும். அதையும் இவளுக்குத் தாரை வார்த்துவிட்டு, பக்கத்துக் கட்டிலில் இவள் குறட்டையையும் கேட்டுக்கொண்டு படுத்திருக்க நான் என்ன கல்லா?

அன்று கோச் எங்கள் கைக்கடிகாரங்களைக் கழற்றி ஒரு வாளியில் போடச் சொன்னார். ஸ்டாப்வாட்ச் அவர் கையில் மட்டும்.

"நான் நம்பர் சொல்லுவேன். பூஜ்யம்னா கட்டில்ல படுத்திருக்கீங்க. அஞ்சுன்னா மூச்சு வாங்கும், ஆனா பேச முடியும். எட்டுன்னா ஒரு வார்த்தைதான் வரும். பத்துன்னா உயிர் போகுது. முதல் சுத்து அஞ்சு, அடுத்தது எட்டு. தன் அளவு தெரிஞ்சு ஓடறவதான் போட்டிக்குப் போவா. உன் உடம்பு என்ன சொல்லுதுன்னு கேளு. பக்கத்துல ஓடறவளைப் பாக்காத."

கடைசியில் சொன்னது எனக்குத்தான். பற்றிக்கொண்டு வந்தது.

"அஞ்சு!" என்றார்.

ஒட்டகம் கடைக்குப் போகிறவள் மாதிரி கிளம்பினாள். அந்த முதுகை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது? முதல் வளைவிலேயே தாண்டினேன். பின்னால் அவள் காலடிச் சத்தம் கேட்கக் கேட்க இன்னும் முடுக்கினேன். கோட்டைத் தொட்டபோது நெஞ்சு காதுக்குள் இடித்தது. ஒன்பது, ஒன்பது என்று உடம்பு கத்தியது. அதை யார் கேட்டார்கள்?

"எத்தன?" என்றார் கோச்.

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டினேன். "அஞ்சுதான் சார்."

அவர் ஸ்டாப்வாட்சை இரண்டு தடவை பார்த்தார். "அஞ்சுலயே இந்த வேகமா?"

அப்போதுதான் ஒட்டகம் வந்து சேர்ந்தாள். "எனக்கும் அஞ்சு சார். தோள் மட்டும் கொஞ்சம் இறுக்கமா இருக்கு," என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். தினமும் பக்கத்தில் படுப்பவள். என் மூச்சு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

"சரி, கொஞ்சம் உக்காருங்க. அப்புறம் எட்டு ஓடலாம்," என்றார் கோச்.

உட்கார முழங்காலை மடக்கிவிட்டேன்.

"எதுக்கு சார் உக்காரணும்?" என்றாள் ஒட்டகம், தேன் ஒழுக. "ரெண்டு பேருக்கும் வெறும் அஞ்சுதானே? இப்பவே ஓடிடறோம். இல்லடி?"

பாவி. மடக்கிய முழங்காலை நிமிர்த்தித் தலையாட்டினேன். வேறு என்ன சொல்ல முடியும்?

"எட்டு!"

எட்டு என்னிடம் இல்லை. முந்தைய சுற்றிலேயே எல்லாம் தீர்ந்திருந்தது. பாதிச் சுற்றில் கால் இரண்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. ஒட்டகம் என்னைத் தாண்டிப் போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அதுதான் இன்னும் எரிந்தது. நான் தடத்தின் நடுவில் உட்கார்ந்து, காலையில் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தேன்.

கோச் மைதானத்தின் குறுக்கே ஓடி வந்தார். "என்னம்மா, எத்தன?"

பத்து என்றால் முதலில் சொன்னது பொய் என்று ஆகிவிடும். அதுவும் அவள் காது கேட்க.

"அஞ்சு," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஸ்டாப்வாட்சைச் சட்டைப் பையில் போட்டார். "போட்டிக்கு அவ போறா," என்று சொல்லிவிட்டு வாளியை எடுக்கப் போனார்.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒட்டகம் பாட்டிலோடு வந்து என் தலைக்கு மேல் நின்றாள். மூடியைத் திறந்தாள். உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது.

"தாகம் எத்தன?"

"பூஜ்யம்."

"அப்ப சரி," என்று மூடியைத் திருகிக்கொண்டு போய்விட்டாள்.